கவிழ்த்த கோப்பையின் கீழே ஒரு மரகதம்

1
இந்தக் கதை ஓர் அகராதியில் தொடங்கியது என்று முதலில் எழுதினேன். பொய். யெரெவானில், எங்கள் கட்டடத்து மாடிப்படியில் தொடங்கியது. மூன்றாம் மாடி ஸம்ருக்த் அக்கா என்னை நிறுத்தி, பச்சைக்கல் மோதிரம் ஒன்றைக் கையில் திணித்தார். (ஸம்ருக்த் என்றால் ஆர்மேனியத்தில் மரகதம். பெண்களுக்கும் வைக்கும் பெயர்.)

"ஞாயித்துக்கிழமை பையனுக்கு நிச்சயம். மருமக விரல்ல நான்தான் இதப் போடணும். அவ அத்தைக்காரி நகைக்கடைல இருக்கா, பாத்ததும் கண்டுபிடிச்சிருவா. அசலான்னு கல் பாக்கறவங்ககிட்ட கேட்டுட்டு வாப்பா. நான் போனா அழுதுருவேன்."

அவர் பிறந்த அன்று அப்பா இதை அம்மாவுக்குப் போட்டு, கல்லின் பெயரையே குழந்தைக்கும் வைத்தாராம். இது கண்ணாடி என்றால், அறுபது வருடமாக அவர்... [முடிக்க மனம் வரவில்லை.]

2
இன்னொரு தொடக்கம், கொஞ்சம் படித்தவன் தோரணையில்: நம் மரகதமும் அவர்களுடைய ஸம்ருக்தும் தூரத்துச் சொந்தம். நடுவில் பாரசீகம், கிரேக்கம் என்று சில வீடுகள். மூலம், 'மின்னுவது' என்று பொருள்படும் ஒரு பழைய செமித்தியச் சொல் என்பது அறிஞர் பலரின் கருத்து. கிரேக்கர்கள் பச்சைக் கற்கள் பலவற்றையும் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள்.

இதை அக்காவிடம் ஆறுதலாகச் சொல்லிவைத்தேன்.

"எங்கப்பா கிரேக்கர் இல்லப்பா, பஸ் ஓட்டினவர். எங்கம்மாகிட்ட பொய் சொன்னாரா இல்லையா, அத மட்டும் கேட்டுட்டு வா."

3
கல் பரிசோதகர் முடிவை எழுதி மடித்துக் கொடுத்தார். நான் படிக்கவில்லை. [அந்த வரியை அடித்துவிட்டேன். படித்தேன்.]

அக்கா காபி போட்டார். குடித்ததும், இங்கே எல்லோரும் செய்வதுபோல, கோப்பையைத் தட்டில் கவிழ்த்தார். வண்டல் காய்ந்ததும் நிமிர்த்திக் குறி பார்க்க வேண்டும். சீட்டை வாங்கி, பிரிக்காமலே தட்டுக்கு அடியில் செருகினார்.

"காயட்டும்."

அரை மணி நேரம் ஆயிற்று. அவர் கை நீளவில்லை.

"நீ படிச்சிட்டேதானே?"

"ம்."

"அப்ப அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. உன் மூஞ்சி ஒரு ரகசியமும் தாங்காது."

4
முடிவு அ: அசல். அக்கா அழுகிறார்.
முடிவு ஆ: கண்ணாடி. அக்கா... இதிலும் அழுகிறார்.

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை மருமகள் விரலில் மோதிரத்தைப் போட்டு, "எங்கப்பா எங்கம்மாவுக்குப் போட்டது" என்றார் அக்கா. அந்த அத்தை விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார். நகைக்கடைக்காரர்கள் அசல், கண்ணாடி இரண்டுக்கும் அதையேதான் சொல்வார்கள்.

இன்று புதன். ஒரு கரண்டியைக்கூடக் கழுவாமல் வைக்காத அக்கா, அந்தக் கோப்பையையும் தட்டுக்கு அடியில் இருக்கும் சீட்டையும் இன்னும் தொடவில்லை. அவர் கேட்காததை உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்றால் மூன்றாம் மாடிக்கு வாருங்கள், கதவு திறந்துதான் இருக்கும். கோப்பையை நீங்களே எடுங்கள். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.