பிரதீபன் அனுப்பிய தட்டு

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு இருளப்பனும் அவர் மனைவி புஷ்பமும் கண்டி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். மாவனல்லைக்கு இந்தப் பக்கம், யானை பார்க்க வரும் ஜப்பான்காரர்களை நம்பித் திறந்த ஜப்பான் சாப்பாட்டுக்கடை அது. மகள் நிரோஷாவுக்குப் பேசியிருந்த பிரதீபன் அங்கே பெரிய சமையல்காரன். டுபாயில் நாலு வருஷம் இதே வேலை பார்த்தவன்.

சாதகம் பொருந்திவிட்டது. வீடும் பார்த்தாயிற்று. ஆனால் அவன் வீட்டில் இருளப்பன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெண் கொடுக்கச் சம்மதம் என்றால்தான் கை நனைப்பது. நனைத்துவிட்டுப் பின்வாங்கினால் தோட்டத்து லயத்துச் சனத்துக்கு முன்னால் தலைகாட்ட முடியாது.

"ஒரு நேரம் என் கையால சாப்பிடுங்க மாமா" என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான். இன்றைக்குச் சாப்பிட்டால் கல்யாணம் முடிவு.

உள்ளே, மேசைகளை ஒட்டி ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் சின்னச் சின்னத் தட்டுகள். வேண்டியதை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். மிச்சத் தட்டுகள் சுவரில் இருந்த ஓட்டை வழியாகச் சமையல் நடக்கும் குசினிக்குள் போய், பக்கத்து ஓட்டை வழியாகத் திரும்பி வந்தன.

இருளப்பன் இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் பெல்ட் பார்க்கிறவர். கால் தானாகப் போய் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றது. எந்த பெல்ட்டும் கெடுவது திரும்புகிற இடத்தில்தான்.

"சன்னல் பக்கம் எடம் இருக்கேங்க."

"இங்கதான் சத்தம் நல்லா கேக்கும்."

"சாப்பிட வந்தமா, சத்தம் கேக்க வந்தமா?"

காடியும் பச்சை மீனும் கலந்து நாறியது. மூன்று மணிக்குச் சந்தையில் மீன்காரன் பலகையைக் கழுவி ஊற்றும்போது வருமே, அந்த நாற்றம். புஷ்பம் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய், பிரதீபன் வருவதைக் கண்டு முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்தாள்.

"வாங்க மாமா, வாங்க அத்தை. உங்களுக்குன்னு தனியா செஞ்சி அனுப்புறேன். அதுவரைக்கும் பாத்துக்கிட்டு இருங்க." வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனான்.

"மாப்பிள்ளை நகத்தப் பாத்தீங்களா? டொக்டருக்கு இருக்கிற மாதிரி." பிறகு, மேசையில் இருந்த குச்சிகளைப் புரட்டினாள். "குச்சியால தின்னா கை நனைச்சதா ஆகுமா?"

"வாயிக்குள்ள போனா ஆகும்."

பெல்ட்டின் வேகம் தெரிய வேண்டுமென்றால் அதன்மேல் ஒன்றைக் குறித்துக்கொண்டு, அது சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இருளப்பன் சிவப்பு மீன் வைத்த ஒரு தட்டைக் குறித்தார். சுற்றுக்கு நாலு நிமிஷம். ஐந்தாம் சுற்றில் மீனின் ஓரம் காய்ந்து சுருண்டது. ஒன்பதாம் சுற்றில் அது புண்ணின் பொருக்குப்போல் கறுத்தது. ஓர் ஈ ஏறி உட்கார்ந்து, ஊர்வலம் வந்து இறங்கியது.

எதிர் மேசையில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று. சிறுமி ஒருத்தி மீன் வைத்த சோற்றுருண்டை ஒன்றைக் கடித்தாள். முகம் கோணியது. வாயில் இருந்ததை அப்படியே தட்டில் துப்பினாள். தாய் கதை பேசிக்கொண்டே அந்தத் தட்டைத் தூக்கி பெல்ட்டில் திரும்ப வைத்தாள்.

தட்டு இருளப்பனைக் கடந்து ஓட்டைக்குள் போனது. அவர் குனிந்து பார்த்தார்.

உள்ளே வேலை செய்யும் சிங்களப் பெண் அதைக் கையில் எடுத்துவிட்டாள். "இந்துல் நேத மே?" என்றாள். எச்சில்தானே இது?

"கமக் நே" என்றான் பிரதீபன். பரவாயில்லையாம். துப்பியதை விரலால் வழித்துப் போட்டான். கடித்த உருண்டையின் பல் பட்ட முனையைக் கத்தியால் சீவினான். அதன்மேல் வெள்ளரித் துண்டு ஒன்றை வைத்து மூடினான். விரலை ஏப்ரனில் துடைத்தான். தட்டை பெல்ட்டில் வைத்தான். முகத்தில் எதுவும் இல்லை. தினமும் செய்கிற முகம்.

இருளப்பன் நிமிர்ந்தார். நிரோஷாவுக்குத் தினமும் சோறு போடப்போகும் கை அது.

அதற்குள் தட்டு வெளியே வந்துவிட்டது. இரண்டு உருண்டைகள். ஒன்று குட்டை.

"இதுல வெள்ளரிக்கா இருக்குங்க. இதுன்னா எறங்கும்." புஷ்பம் எடுத்துவிட்டாள். "தனியா அனுப்புறேன்னு சொன்னாரே, இதுதான் போல."

பிரதீபன் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். புஷ்பத்தின் கையில் இருந்த தட்டைப் பார்த்தான். குட்டை உருண்டையைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"சாப்பிடுங்க அத்தை. உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

புஷ்பம் குச்சியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே குட்டை உருண்டையை எடுத்தாள். வாய்க்குப் போகும் வழியில் இருளப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னங்க இது, மாப்பிள்ளை முன்னால?"

உருண்டையை அவள் விரல்களிலிருந்து கழற்றித் தட்டில் வைத்தார். தட்டைப் பிரதீபன் பக்கம் தள்ளினார்.

"மொத வாய் நீங்க சாப்பிடுங்க தம்பி."