எறும்பு வளைகிற இடம்

சித்தி சுவரைத் துடைத்து முடித்திருந்தாள். சோப்புத் தண்ணீர் போட்டு, இரண்டு தடவை. அக்காவைக் கடைசியாகப் பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்து முகம் சுளித்துவிடக் கூடாதாம்.

"யாரு உங்கள தொடச் சொன்னா?" என்றாள் மகள். அழுகை வரவேண்டிய நேரத்தில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தைலக் கறை. எறும்பு வேற. நாலு பேர் வர்ற வீடு இல்லையா?"

கல்லூரி வேதியியல் கூடத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்த அம்மா, படுத்த படுக்கையான பிறகு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது கட்டிலோரச் சுவரில் ஊர்கிற அந்த எறும்புச் சாரையைத்தான். ஒருநாள் தடுமாறிச் சுவரைப் பிடித்தபோது தைலம் தோய்ந்த கை பதிந்துவிட்டது. மறுநாள் பார்த்தால், எறும்புகள் அந்த இடம் வந்ததும் வளைந்து போகின்றன. 'காரணம் தைலம்?' என்று நோட்டில் எழுதிவைத்தாள். கறை தானாக மங்கிய பிறகும் வளைகின்றனவா என்று பார்க்க வேண்டும், அதுவரை யாரும் சுவரைத் தொடக் கூடாது.

"நான் இல்லாட்டியும் நீ பாத்து எழுதிடு. தெரியாம போறதுதான்டி கஷ்டமா இருக்கு," என்று நேற்றுகூடச் சொன்னாள். விடிகாலையில் போய்விட்டாள்.

மகள் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். துக்கம் விசாரித்தவர்களுக்குச் சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினாள். பாவம், பிரமை பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் எறும்புகள் திரும்பி வந்தன. முதலில் ஒன்று, அப்புறம் ஏழெட்டு, அப்புறம் வரிசை. தைலத்தின் வாசனைகூட இல்லை. ஆனாலும் அதே இடம் வந்ததும் வளைந்தன.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்பா, அம்மா சொன்னது தப்புப்பா."

அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார். தன் ஊகம் தப்பென்று தெரிகிற அன்றைக்கு எல்லோருக்கும் ஐஸ்கிரீம் என்பது அம்மா போட்ட சட்டம். சரியாக இருந்தால் ஒன்றும் கிடையாது. அதுதான் முன்னாடியே தெரியுமே என்பாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"இந்த நேரத்துலயா?" என்று சித்தி வாயைப் பிளந்தாள்.

"நீங்க துடைக்கலைன்னா தெரிஞ்சே இருக்காது சித்தி," என்று மகள் கட்டிக்கொண்டதும் அவளும் கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் சிரித்தாள். அப்பா வந்ததும் தனக்கொரு கப்பை வாங்கிக்கொண்டாள்.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். எறும்பைக் கண்டாலே மருந்துப்பொடியைத் தேடுகிற அப்பா, பாதியில் கரண்டியை நிறுத்தினார்.

"அப்ப வேற என்னவா இருக்கும்?"

அம்மாவை எடுத்துப்போக வந்த வண்டி வாசலில் ஹார்ன் அடித்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரோரம் மண்டியிட்டார்.