உக்காந்தாச்சு

விடியுமுன்பே கல்குவாரியில் புழுதி எழும்பிவிட்டது. பதினொரு லாரிகளும் உறுமிக்கொண்டு நின்றன. மேஸ்திரி வண்டி எண்ணைக் கூவுவார். ஓட்டுநர் சீட்டில் ஏறி, "உக்காந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். இங்கே அதுதான் ஆஜர்.

ஏழாம் நம்பர் ஓட்டுநருக்கு அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையில் சிக்கியது. வால் எலும்பின் மேல் விரல் நீளத்துக்கு ஆறாத புண். முடி சதைக்குள் குத்தி இறங்கிச் சீழ் வைத்து, உள்ளே குழி பறித்திருந்தது. போன வருஷம் ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாளே வண்டியேறினார். அது திரும்ப வந்துவிட்டது. இரண்டாம் முறை வெட்டிய டாக்டர் தையலே போடவில்லை. "உள்ளேருந்து சதை வளர்ந்து தானா மூடணும். ஆறு வாரம் உக்காரவே கூடாது" என்றார். பதினெட்டாம் நாளே முதலாளி ஆள் அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவர் குப்புறப் படுத்திருக்க, மனைவிதான் புண்ணுக்குள் வைத்த துணியைத் தினமும் மாற்றுவாள். "வியாதிக்கு வேற எடமே கெடைக்கலயாக்கும்!" என்று கேலி செய்வாள், கண்ணையும் துடைத்துக்கொள்வாள். அவருக்கு மானம் போயிற்று. வெளியில் யார் கேட்டாலும் முதுகுவலி என்று மழுப்பிவிடுவார்.

"ஏழு!" என்றார் மேஸ்திரி. ஏழாம் நம்பர் சீட்டில் ஏறாமல் வண்டியோரமே நின்றார். முதலாளி காரிலிருந்து இறங்கி வந்தார்.

"உக்கார முடியாதவனுக்கு வண்டி எதுக்குய்யா?"

"சீட்டைப் பாருங்க மொதலாளி. பஞ்சு போயி நாலு வருஷமாச்சு. இரும்பு மேல சாக்கைப் போட்டு உக்கார்றோம்."

"மத்த பத்துப் பேரும் அதே சாக்குலதான் உக்கார்றாங்க. அவங்களுக்கு ஒண்ணும் வரலையே?"

ஏழாம் நம்பருக்குச் சுருக்கென்றது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"முதுகுவலின்னு சொன்னது பொய்யிங்க. பின்னாடி புண்ணு. ரெண்டு தடவை அறுத்தாச்சு. இப்ப உக்காந்தா மூணாவது தடவையும் அறுக்கணும்."

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். அவருடைய முதுகுவலியை அதிகம் கேலி செய்த மீசைக்காரர் மூன்றாம் நம்பர் வண்டியிலிருந்து மெல்ல இறங்கினார்.

"அடப்பாவி, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? எனக்கும் அங்கதான் ரெண்டு மாசமா சீழ் வடியுது. மூலம்னு நெனச்சுக் களிம்பு பூசிட்டுத் திரியறேன்!"

"எனக்கும் அப்படித்தான்ணே" என்று ஐந்தாம் நம்பர் தலைகுனிந்தபடி இறங்கினார். ஒன்பதாம் நம்பரும் இறங்கினார். இத்தனை நாள் ஆளாளுக்கு ஒரு பொய் சொல்லி, ஒரே வலியைத் தனித்தனியாகத் தின்றிருக்கிறார்கள். மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள். பதினொரு எஞ்சின்களும் அடங்கின.

மீசைக்காரர் சொன்னார்: "சீட்டு மாத்துங்க. அறுத்துக்கிட்டவனுக்குப் புண்ணு ஆர்ற வரைக்கும் சம்பளத்தோட லீவு குடுங்க. அப்புறம் ஏறுறோம்."

"மத்தியானத்துக்குள்ள வேற ஆள் எறக்கிடுவேன்!"

"எறக்குங்க. அவங்க கிட்டயும் சாக்கைத் தூக்கிக் காட்டுறோம்."

முதலாளி மேஸ்திரியை முறைத்தார். "கூப்பிடுய்யா!"

"ஒண்ணு!"

"நிக்கிறேன்."

"ரெண்டு!"

"நிக்கிறேன்."

மேஸ்திரியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஏழாம் நம்பருக்குப் புண் எரிந்தது. துணி நனைந்து காலில் வழிவதும் தெரிந்தது. மத்தியானம் என்ன நடக்குமோ என்ற பயமும் இருந்தது.

"ஏழு..."

"நிக்கிறேன்!"

இந்த வார்த்தை தொண்டையில் சிக்கவில்லை.