நம் விளக்கு மலையேறும்

போன வருஷம் பொங்கலன்று மாலை, ஆலங்காயம் ஷஃபியுல்லா பாய் கம்பெனியில் செய்த அகல் லைட்டுகளின் வெளிச்சம், லைட்டை அந்தந்த வீட்டுப் பூஜை அறையிலேயே விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பி ஜவ்வாது மலைக்கு ஏறிப் போயிற்று. மலைச்சாலையின் இடது ஓரமாகவே போயிற்று. எதிரில் லாரி வந்தால் ஒதுங்கி நின்றது. காவலூரைத் தாண்டும்போது, அங்கே பெரிய தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சலாகக் கூடாது என்று தன்னைத்தானே மங்கலாக்கிக்கொண்டது. சோதனைச் சாவடியில் இருந்தவர் மரம் கடத்துகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நம் ஊர் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஷஃபியுல்லா பாய் வாணியம்பாடிக்காரர். அவர் குடும்பம் தோல் வியாபாரக் குடும்பம். தோல் வாசனை தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் ஆலங்காயத்துக்கு வந்து லைட் கம்பெனி வைத்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் ஆறு மாதம் தாங்காது என்றார்கள். தாங்கியது. ட்யூப் லைட், தெரு லைட் என்று ஆரம்பித்து, கடைசியில் பெயர் வாங்கிக் கொடுத்தது பூஜை அறைக்கான மின்சார அகல். பொத்தானைத் தட்டினால் நிஜச் சுடர் மாதிரியே ஆடும். எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், சேலையில் பற்றிக்கொள்ளுமோ என்ற பயமும் வேண்டாம். வாணியம்பாடியில் முஸ்லிம் வீடுகளிலும் படுக்கையறை விளக்காக அதை வாங்கி வைத்தார்கள். வாணியம்பாடிக்காரர் ஒருவர் பழைய வேலூர் மாவட்டம் முழுக்கச் சாமி விளக்கு விற்கிறார் என்பதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் கர்வம் உண்டு. அவருக்கும் உண்டு.

ஆங்கிலப் புத்தாண்டன்று லட்சியம் சொல்லும் வழக்கத்தைக் கம்பெனிக்குள் கொண்டுவந்தது அவர் மகள் கனீஸ் ஃபாத்திமா. பெங்களூரில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வந்து ஆபீசைப் பார்த்துக்கொள்கிறவள். வருஷம் பிறந்த அன்று எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும், ஒவ்வொருவரும் எழுந்து இந்த வருஷத்துக்குள் வேலையில் எந்த இடத்துக்கு வளரப்போகிறோம் என்று சொல்ல வேண்டும், பிறகு பிரியாணி. பிரியாணி கடைசியில் என்பதால் யாரும் தப்பிக்க முடியவில்லை. விற்பனையைப் பார்க்கும் தீர்த்தகிரி, விற்பனையை இரண்டு மடங்காக்குவேன் என்றான். அவன் எல்லா வருஷமும் அதையே சொல்கிறவன். தெரு லைட் மாட்டும் ராஜேந்திரன் மேஸ்திரி, கம்ப்யூட்டரைத் திட்டாமல் ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். அப்புறம் புவனா எழுந்தாள்.

புவனா ஆலங்காயத்தை ஒட்டிய கிராமத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பத்துப் பெண். எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்தவள். கம்பத்தில் லைட் மாட்டுகிற வேலைக்குத்தான் விண்ணப்பித்தாள். பெண் பிள்ளைக்குக் கம்பம் எதற்கு என்று பரிசோதனை மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கம்பெனியை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு லைட்டும் அவள் உள்ளங்கையில் ஒருமுறை எரிந்துவிட்டுத்தான் போகும். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட அவள் தன் கையால் கம்பத்தில் மாட்டியதில்லை. சைட் இன்சார்ஜ் ஆக வேண்டும், தெரு விளக்கே பார்க்காத மலைச் சிற்றூர்களில் விளக்கு வைக்க வேண்டும் என்பது அவளுடைய பலநாள் ஆசை. இதைப் பத்து வாக்கியமாக மனப்பாடம் செய்து வந்திருந்தாள். எழுந்து நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டு ஒரே வாக்கியமாக வந்தது.

"இந்த வருஷம் நம்ம வெளக்கு மலையேறணும்ங்க. நான்தான் அத்த ஏத்தணும்."

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் விளக்கு அணைந்தது என்று யாரும் வாயால் சொல்வதில்லை, அது அபசகுனம். விளக்கு மலையேறிவிட்டது என்றுதான் சொல்வது. அதிலும் அந்தக் கம்பெனியில் ராஜேந்திரன் மேஸ்திரி இதைச் சட்டமாகவே வைத்திருந்தார். எரியாத லைட் எதுவானாலும் அது 'மலையேறினது', தனிப் பெட்டியில் போட வேண்டும். ஆக, லைட் கம்பெனியில், வருஷப் பிறப்பும் அதுவுமாக, நம் விளக்கெல்லாம் அணைய வேண்டும், நான்தான் அணைப்பேன் என்று ஒரு பெண் எழுந்து நின்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தீர்த்தகிரி சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினான். மேஸ்திரி மட்டும் மெதுவாக, "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பேசற?" என்றார். புவனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள்.

ஆனால் பாய் வீட்டில் பேசுவது உருது. அவருடைய தமிழ் கடைத்தெருத் தமிழ். அவருக்குக் கேட்டதெல்லாம் விளக்கு, மலை, ஏறுதல். அவர் எழுந்து நின்று கை தட்டினார். "மாஷா அல்லாஹ். இத்தினி பேர்ல இந்தப் பொண்ணு ஒண்ணுதான் பெரிசா கேட்டுது" என்றார். அடுத்த புத்தாண்டுக்குள் விளக்கு மலையேறினால் புவனாதான் சைட் இன்சார்ஜ், ஏறாவிட்டால் அந்த வேலைக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பேன் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். அதோடு விட்டாரா? அந்த வாக்கியம் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய், பொங்கலுக்குப் போகும் அகல் லைட் பெட்டிகளின் மேல், தங்க எழுத்தில், 'நம் விளக்கு மலையேறும்' என்று அச்சடிக்கச் சொன்னார். கனீஸ் ஃபாத்திமாவுக்கும் அர்த்தம் தெரியாது. தெரிந்தவர்கள் ஒருவர் சொல்வார் என்று ஒருவர் இருந்துவிட்டார்கள். முதலாளி சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே பேசி நம் ஊரில் யாருக்கும் பழக்கமில்லை.

பொங்கலன்று மாலை வீடுகளில் படையல் முடிந்து, பெரியவர்கள் வழக்கம்போல, விளக்கை மலையேத்திடு என்றார்கள். வீட்டில் யாரோ பொத்தானைத் தட்டினார்கள். வெளிச்சம் கிளம்பிவிட்டது. வாக்கியத்தைப் பெட்டியிலேயே படித்துவிட்டு வந்திருந்த வெளிச்சம், கிளம்பச் சொன்னால் கிளம்பாதா? மறுநாள் பொத்தானைத் தட்டினால் லைட் எரியவில்லை. சூடாகிறது, மின்சாரம் ஓடுகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது, இருட்டாகவும் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வந்தவர்களின் வரிசை கம்பெனி வாசலைத் தாண்டி மளிகைக் கடை வரைக்கும் நின்றது. விற்பனையை இரண்டு மடங்காக்குவேன் என்ற தீர்த்தகிரி, போன சரக்கெல்லாம் வீடு திரும்புவதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாங்கியவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கனீஸ் ஃபாத்திமா விசாரித்தாள். வாணியம்பாடியில் உருது பேசுகிற வீடுகளில் மட்டும் வெளிச்சம் போகவில்லை என்று தெரிந்தது. அங்கே உருதுவில் "பத்தி பந்த் கர்", அதாவது லைட்டை நிறுத்து, என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். யாரும் அதை மலைக்கு அனுப்பவில்லை. புவனா அழுதுகொண்டே அர்த்தத்தைச் சொல்ல, மேஸ்திரி தலையாட்ட, பாய் பெட்டி ஒன்றை எடுத்து அந்தத் தங்க எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் உறவையெல்லாம் பகைத்துக்கொண்டு கட்டிய கம்பெனி அது. "நீ ஏத்தி வுட்டது, நீயே போய் எறக்கிட்டு வாம்மா" என்றார். "எறங்கலேன்னா அந்த வேலைய மறந்துடு. மேசையிலயே இருந்துக்க."

புவனா இரண்டு கோணிப்பையோடு பேருந்தில் ஏறினாள். ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் விசாரித்தபோது, சாமைக்கொல்லைப் பக்கம் போச்சுங்க என்று வழி தவறிய ஆட்டைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். சாமைக்கொல்லை, அங்கிருந்து காட்டுக்குள் நடந்து போக வேண்டிய ஊர். தெரு விளக்கு என்று ஒன்று அங்கே அதுவரை இருந்ததில்லை. அறுப்பு முடிந்த கொல்லையில் தாள்களுக்கு நடுவே வெளிச்சங்கள் உட்கார்ந்திருந்தன. இடம் போதாதவை பலா மரத்தில் இருந்தன. அந்த ஊர் வார்டு மெம்பர் ராணியம்மாள் வந்து புவனாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"வந்ததுலருந்து சாதுவாத்தான் கீதுங்க. ஒழுங்கா குந்த எடமில்லாமதான் அல்லாடுதுங்க. முந்தாநாளு நம்ம தேவிக்கு வலி வந்துடுச்சு. டோலி கட்டித் தூக்கினு போனோம். நாலஞ்சு தானா எந்திரிச்சு முன்னால வந்துச்சு, ரோடு வரைக்கும். தாயும் புள்ளயும் சொகம்."

புவனா அதைக் கேட்டுக்கொண்டுதான் கோணியை விரித்தாள். அவள் கை அவற்றுக்குப் பழகிய கை, கூப்பிட்டதும் வந்து ஏறிக்கொண்டன. பேருந்து முதல் வளைவில் திரும்பியதும் கோணியின் கண் வழியே ஒவ்வொன்றாக நழுவி, சன்னலைத் தாண்டி, மறுபடி மேலே ஏறின. மறுநாள் மூடி போட்ட தகர டப்பாக்களில் எடுத்துப் போனாள். டப்பாக்கள் மட்டும் கீழே வந்து சேர்ந்தன. மூன்றாம் முறை அவள் எதையும் எடுக்கவில்லை. கொல்லை வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். வெறுங்கையோடு திரும்பினால் ஆயுசுக்கும் மேசைதான் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு, சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று பாயைக் கூப்பிட்டாள்.

"பாய், அதுங்க எறங்காதுங்க. லாரியில கம்பம் அனுப்புங்க."

"இன்னாம்மா சொல்ற? கம்பம் எதுக்கு?"

"போன்னு அனுப்பினது நாம. நிக்க எடம் நாமதானே குடுக்கணும். இங்க ஒரு புள்ள பொறந்திருக்குது பாய், நம்ம கம்பெனி வெளிச்சத்துல. என்னை மேசையிலயே வெச்சுக்கங்க, பரவால்ல. கம்பம் மட்டும் அனுப்புங்க."

போன் பட்டென்று நின்றது. சிக்னல் போய்விட்டது என்று புவனா நினைத்தாள். போகவில்லை.

பாய் தானே வந்தார். லாரி நிறையக் கம்பம், கூடவே மேஸ்திரி. கீழ் வளைவுகள் முழுக்கப் பாய் திட்டிக்கொண்டே வந்ததாக லாரி டிரைவர் பிற்பாடு சொன்னார். ரோட்டோரம் லாரியை நிறுத்தி, ஊர்க்காரர்கள் கம்பங்களைத் தோளில் சுமக்க, அவர் காட்டு வழியே நடந்து சாமைக்கொல்லைக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கொல்லை முழுக்கத் தன் கம்பெனி வெளிச்சம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். அந்த ஊர்க்காரர்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, இதெல்லாம் உங்களதுங்களா என்று மரியாதையாகக் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினார். மேஸ்திரி கம்பத்தை நட்டு, ஏணியைச் சாய்த்து, ஏறப் போனவர் நின்றார். இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்துப் புவனாவிடம் நீட்டினார். "ஏறும்மா. நான் கீழ புடிச்சுக்கறேன்."

புவனா ஏறினாள். உச்சியில், மேசையில் நீட்டுவதுபோல உள்ளங்கையை நீட்டினாள். ஒரு வெளிச்சம் எழுந்து வந்து கையில் ஒரு கணம் நின்று, சரி என்று தெரிந்ததும் கம்பத்தில் போய் உட்கார்ந்தது. கம்பி இழுக்கவில்லை, மின்சாரம் கொடுக்கவில்லை. எல்லாக் கம்பத்திலும் அவள்தான் ஏறினாள். கடைசிக் கம்பத்திலிருந்து இறங்கியதும், பெல்ட்டை அவிழ்க்காமலே நின்று எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்தாள்.

செய்தி கீழே வந்ததும் வாசலில் வரிசை மாறிவிட்டது. எரியாத லைட்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் வந்து அதையே கேட்டு வாங்கிப்போய், பொட்டு வைத்துப் பூஜை அறையில் வைத்தார்கள். எங்க வூட்டு வெளக்கு சாமைக்கொல்லையில பள்ளிக்கூடத்துக்கிட்ட நிக்குது என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுசோற்றோடு பேருந்து ஏறிப் போய், எது தங்களுடையது என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்கள். பிறகு, அனுப்புவதற்கென்றே இன்னொன்று வாங்கினார்கள். தீர்த்தகிரியின் விற்பனை முதன்முறையாக நிஜமாகவே இரண்டு மடங்காயிற்று. ஆரம்பத்திலேயே தான் கணக்குப் போட்டுத்தான் பேசாமல் இருந்ததாக அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான், சொல்லிவிட்டுப் போகட்டும். வேறொரு ஊரில் ஒரு கம்பெனி இதே வாக்கியத்தைத் தன் பெட்டியில் அச்சடித்துப் பார்த்தது. அவர்கள் லைட்டுகள் சும்மா ஃபியூஸ் போயின.

பாய் பெட்டியை மாற்றவில்லை. அர்த்தம் தெரிந்த பிறகுதான் இன்னும் நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த புத்தாண்டு வரைக்கும் அவர் காத்திருக்கவும் இல்லை, மாசி பிறப்பதற்குள் புவனாவைச் சைட் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்.

இப்போது மலையில் வேறு பல சிற்றூர்களிலும் புவனா கம்பம் நட்டிருக்கிறாள். புதிதாகக் கிளம்பும் வெளிச்சங்கள் நடந்து களைத்துப்போகின்றன என்று, சில நாட்களாக அவற்றை ஆலங்காயத்திலிருந்து மாலைப் பேருந்திலேயே அழைத்துப் போகிறாள். சீட்டில் உட்காரும், வயதானவர் யாராவது ஏறினால் எழுந்து இடம் விடும். போன வாரம் அந்த வண்டிக்குப் புது நடத்துனர் வந்திருந்தார். அவர் சீட்டுகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இன்னா மேடம் இதெல்லாம் என்று கேட்டார். புவனா, "என் ஸ்டாஃப்புங்க" என்றாள். நடத்துனர் சரி என்று தலையாட்டிவிட்டு, படியில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க. மேடம் ஆளுங்க இன்னும் நாலு பேர் ஏறணும்" என்று விசில் கொடுக்காமல் காத்திருந்தார்.