வளையல் ஏறாத கை

“நீங்களும் ரெண்டு கையிலயும் வளையல் போட்டுக்கிட்டாத்தான் முறை, சம்மந்தி.”

“வலது கையில போட்டிருக்கேனே, அது போதும். இடது கையில வேணாம்.”

“சோப்பு தடவினா ஏறிடப்போவுது.”

“அதத்தான் வேணாங்கறேன்,” என்றாள் அஞ்சலாட்சி.

நெல்லித்தோப்பு வீட்டின் சின்னக் கூடத்தில் வந்திருந்த பெண்களின் தலைகள் திரும்பின. மணையில் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த அமுதவல்லி, அம்மாவையும் மாமியார் செல்வாம்பாளையும் மாறி மாறிப் பார்த்தாள். வளைகாப்பில் பெற்ற தாயே மகளுக்கு முதல் வளையலைப் போடுவதுதான் அவர்கள் வழக்கம்.

போன தை மாதம் அஞ்சலாட்சிக்குப் புற்றுநோய் என்று இடது மார்பை எடுத்தார்கள். அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து. அதனால் அந்தக் கையில் நீர் தேங்கி வீங்கிவிடலாம், இறுக்கமாக எதுவும் போடாதே, கீறல் படாமல் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் அவள் சுவரோரம் நின்று விரல்களை எறும்புபோல மேலே மேலே ஏற்றுவாள். கை தலையைத் தாண்டும்போது, கடலில் தூரத்தில் போகும் கப்பலைக் கூப்பிடுகிறவள் போலிருப்பாள்.

“ஒரு கை மூளியா நின்னா பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க? கட்டினவரு இருக்கும்போது,” என்றாள் செல்வாம்பாள்.

“அவரு வாசல்ல ரெண்டாவது டம்ளர் பாயசம் குடிக்கிறாரு. அவருக்கு ஒரு கொறையும் இல்ல.”

யாரோ முந்தானைக்குள் சிரித்தார்கள். செல்வாம்பாள் சிரிக்கவில்லை.

“ஒரு மணி நேரம் போட்டுக் கழட்டினா தேய்ஞ்சா போயிடுவீங்க?”

“கண்ணாடி ஒடஞ்சி கீறினா? ஆஸ்பத்திரியில எம் பக்கத்துக் கட்டில்ல இருந்த அம்மாவுக்குப் பூனை பிறாண்டினதுதான். கை வீங்கி, ரவிக்கைய வெட்டித்தான் எடுத்தாங்க. இன்னும் வடியல. நீங்க பாக்கறவங்களுக்காகச் சொல்றீங்க. எனக்கு இந்தக் கையால பேரப்புள்ளையத் தூக்கணும்.”

“அப்ப நல்ல காரியத்த நெறஞ்ச கைக்காரிங்க தொடங்கட்டும்.” செல்வாம்பாள் வளையல் தட்டைத் தன் மகள் நிர்மலாதேவியின் பக்கம் நகர்த்தினாள். இன்னொரு கையால் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

தட்டு போய்ச் சேருமுன் அஞ்சலாட்சி குனிந்து ஒரு பச்சை வளையலை எடுத்தாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று, ஒன்றுமில்லாத இடது கையை மகளின் முன்னால் நீட்டினாள்.

“அமுதா, கையக் குடு.”