ஐந்து காசில் காய் பிடித்த பருவம்

புதிய ஐந்து காசு புழக்கத்துக்கு வந்த நாற்பதாம் நாள், அதிலிருந்த தேசிய மலர் இதழ்களை உதிர்த்தது. இதழ்கள் எங்கும் விழவில்லை. நாணயத்தின் எடையும் குறையவில்லை. வட்டத்தின் நடுவில் ஒரு காம்பும் அதன் நுனியில் மிளகளவு பிஞ்சும் மட்டும் இருந்தன. சட்டைப் பையில் கிடந்தவை, வங்கிப் பெட்டகத்தில் முத்திரையோடு கிடந்தவை எல்லாம் ஒரே காலையில் காய் பிடித்தன.

அந்த மலரை அச்சில் செதுக்கியவளின் கணவர் பேருந்து நடத்துநர். ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை பிடித்த இருவருக்காகக் காசைச் சுண்டிவிட்டவர், பேருந்தை ஓட்டுநர் பொறுப்பில் விட்டுவிட்டு நாணய ஆலை வாசலுக்கே ஓடிவந்தார். "என்னடி செதுக்கி வச்சிருக்க? பூவா தலையான்னா காய் விழுது!"

அதற்குள் மேலாளரும் அவளைக் கூப்பிட்டுவிட்டார். பூ இல்லாத ஐந்து காசு சட்டப்படி செல்லாது. "நாலு கோடி காசும்மா! அத்தனையும் உருக்கச் சொல்லுவாங்க. விளையாட வேற இடம் கிடைக்கலையா?"

அவள் பூதக்கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "உள்ள விதை இருக்கு போல சார்."

அவள் செய்த குற்றம் ஒன்றுதான். மற்றவர்கள் பழைய தபால்தலையைப் பார்த்து வரைந்தார்கள். அவள் மூன்று வாரம் குளக்கரையில் உட்கார்ந்து, யார் கண்ணுக்கும் தெரியப்போகாத சூலகத்தையும் இதழுக்கு அடியில் செதுக்கியிருந்தாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் ஒரு சம்பளம் நின்றது. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை, ஆனாலும் காலையில் எழுந்ததும் காயைப் பார்க்காமல் பல் துலக்க மாட்டாள்.

ஆலை, தபால்தலை மலரை வைத்து அவசரமாக வேறு காசு அடித்தது. அது போட்டது போட்டபடி பூத்தே இருந்தது. கள்ளக்காசு என்று சொல்லி மக்கள் அதைக் கையால் தொடவில்லை. காய் பிடித்த காசுகளை உருக்க உலை மூட்டிய வாரம், காய்கள் வெடித்து நாடு முழுக்க மொட்டு விட்டன. மேலாளரே அவள் வீட்டுக்கு வந்து, "வாங்கம்மா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் போனார். சட்டத்தில் 'மலர்' என்பதற்கு முன்னால் 'அந்தந்தப் பருவத்துக்குரிய' என்று இரண்டு சொல் சேர்த்தார்கள்.

மறு ஆண்டு பத்துக் காசில் தேசிய மரத்தைப் பொறிக்க முடிவானது. கூட்டத்தில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "கிளைக்கு இடம் இருக்கு சார். வேர் எங்க போகும்?"

யாரும் சிரிக்கவில்லை. பத்துக் காசு மற்றவற்றைவிடச் சற்றுத் தடிமனாக இருப்பது அதனால்தான்.