காலை ஏழு மணி ஹேமர்

ஜெகதீஸ்வரனுக்கு ஒரு வழக்கம். சங்ககிரிப் பக்கம் தன் தோட்டத்தில் நிற்கும் போர்வெல் ரிக் வண்டியை வேலைக்கு எடுக்கும் முன், தினமும் காலை ஏழு மணிக்கு, துளைபோடும் ஹேமரைப் பாறைமேல் இறக்கிப் பத்து நிமிடம் தட்டிப் பார்ப்பான். அக்கம்பக்கத்தார் திட்டாத நாளில்லை.

மனைவி கிருத்திகா நில அதிர்வை ஆராய்கிறவள். இரவல் வாங்கிய கருவிகளில் ஒன்றை அந்தப் பாறையோரமும், இன்னொன்றை நாலு கிலோமீட்டர் தள்ளி, பூமிக்கடியில் ஓடும் பழைய பிளவுக்கு அந்தப்புறமும் புதைத்திருந்தாள். மழைத்தண்ணீர் பிளவில் இறங்கி அழுத்தம் ஏறினால், அதைக் கடந்து போகும் அதிர்வு கொஞ்சம் பிந்தும். அந்தப் பிந்தலைப் பிடிக்கத்தான் மூன்று வருட உழைப்பு. கருவிகளைத் திருப்பித் தர இரண்டே நாள் இருக்கையில் மழை கொட்டியது.

புருஷ மகராசன் சும்மா இருப்பானா? கருவிப் பக்கம் ஆட்டைக்கூட அண்டவிடாதவளுக்கு அமைதி வேண்டுமென்று தானே முடிவுகட்டி, விடியுமுன் வண்டியைத் தம்மம்பட்டியில் ஒரு தோட்டத்துக்குப் போர் போட ஓட்டிப் போய்விட்டான். பெரிய தியாகம் செய்த நினைப்பு வேறு.

எட்டு மணிக்கு அவள் போனில் கூப்பிட்டாள். "ஏனுங்க மாமா, இன்னைக்கு ஏன் தட்டலை?"

"உனக்குத் தொந்தரவா இருக்கும்னுதான், கண்ணு."

"அந்த அதிர்வைத்தானுங்க அம்பது நாளாப் புடிச்சுட்டிருக்கேன். ஒரே எடம், ஒரே பாறை. அது இல்லாம எதை வெச்சு ஒப்பிட்டுப் பாக்கறது?"

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னா, எனக்காகன்னு ஓங்கித் தட்டுவீங்க."

அது உண்மைதான். ஆசையாகச் செய்தது அவள் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டது. போர் போடக் கூப்பிட்ட தோட்டக்காரரிடம் கெஞ்சி விடைபெற்று, வண்டியைத் திருப்பினான். வீடு சேர இருட்டிவிட்டது.

மறுநாள்தான் கடைசி. ஏழு மணிக்கு அதே பாறையில் ஹேமரை இறக்கினான். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, பத்தே நிமிடம். முடிந்ததும் கிருத்திகா பக்கத்தில் வர மாட்டாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம், பிளவுக்கு அந்தப்புறம் புதைத்திருந்த கருவியோடு வந்து சேர்ந்தாள். "பிந்தி வந்துருக்குங்க மாமா."

"எவ்வளவு?"

"ஒரு நொடியை ஆயிரமாப் பிரிச்சா, அதுல மூணு பங்கு."

"இதுக்கா அவ்வளவு தூரம் வண்டிய ஓட்டிட்டு வந்தேன்?" என்று சிரித்தான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். நாளுக்கு ஒன்றாக அதிர்வுக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர்: மாமா 1, மாமா 2, மாமா 3... முந்தைய நாளுக்குக் கோடு இல்லை. அந்த இடத்தில் எழுதியிருந்தாள்: 'மாமா ஊரில் இல்லை.'